ரத்தான திட்டமும் பதிவாகாத காரணமும்: பூநகரி – மன்னார் காற்றாலை ஒப்பந்தத்தை முன்வைத்து

1. கேள்வி

2025 பெப்ரவரி 12ஆம் திகதி அதானி கிரீன் எனர்ஜி நிறுவனம் இலங்கை முதலீட்டுச் சபைக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மன்னாரில் 250 மெகாவாட், கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியில் 234 மெகாவாட் என மொத்தம் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்கும் திட்டத்திலிருந்து மரியாதையோடு விலகிக்கொள்வதாக அக்கடிதம் அறிவித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இதே சபைதான் 442 மில்லியன் அமெரிக்க டொலர் முதலீடு என்ற கணக்கோடு இத்திட்டத்துக்கு அனுமதி வழங்கியிருந்தது.

விலகலைப் பலரும் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்கள். சூழலியலாளர்களுக்கு அது வலசைப் பறவைகளின் வெற்றி. கொழும்பின் பொருளியல் விமர்சகர்களுக்கு மலிவு மின்சாரத்தின் வெற்றி. தேசியவாதிகளுக்கு இந்தியத் தலையீட்டுக்கு எதிரான வெற்றி. மன்னாரிலும் வன்னியிலும் அது ஊரவரின் எதிர்ப்புக்குக் கிடைத்த பலனாகப் பேசப்பட்டது. இவை அனைத்தும் ஒரே நேரத்தில் முழு உண்மையாக இருக்க முடியாது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இத்திட்டம் நின்றதில் உள்ளூர் எதிர்ப்பின் பங்கு என்ன? எதிர்ப்பு இருந்தது, திட்டம் நின்றது, ஆகவே எதிர்ப்பினால்தான் நின்றது என்று முடிவு கட்டுவது எளிது. அந்த எளிமை வன்னிக்கு ஆபத்தானது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. திட்டம் வந்த வழி

மன்னார்த் தீவின் தென்கரையில் காற்றாலைகள் புதியவை அல்ல. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு இலங்கை மின்சார சபை அமைத்த ‘தம்பபவனி’ 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். கடனைப் பெற்றது அரசு, உரிமையாளர் மின்சார சபை. எனவே அதைச் சுற்றி எழுந்த கேள்விகள் பெரும்பாலும் சூழல் சார்ந்தவையாகவே இருந்தன.

அதானி திட்டத்தின் கதை வேறு. 2022 மார்ச்சில், நாடு அந்நியச் செலாவணி வற்றித் தவித்த நாட்களில், புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. விலைமனு எதுவும் கோரப்படவில்லை. அதே ஆண்டு ஜூன் 9ஆம் திகதி, மின்னுற்பத்தித் திட்டங்களுக்குப் போட்டி விலைமனு தேவை என்ற விதியைத் தளர்த்தும் மின்சாரத் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மறுநாள், இந்தியப் பிரதமரின் அழுத்தத்தினாலேயே திட்டம் அதானிக்குக் கொடுக்கப்படுவதாக அப்போதைய சனாதிபதி தன்னிடம் கூறினார் என மின்சார சபைத் தலைவர், பொது நிறுவனங்களை ஆராயும் நாடாளுமன்றக் குழுவான கோப் முன்னிலையில் சொன்னார். பின்னர் அக்கூற்றை மீளப் பெற்றுப் பதவியும் விலகினார்.

2023 பெப்ரவரியில் முதலீட்டுச் சபையின் அனுமதி கிடைத்தது. 2024 மே மாதம் ஓர் அலகு 8.26 அமெரிக்க சதம் என்ற விலையில் 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சூழல் அமைப்புகள் முதலானோர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் சனாதிபதி மாறினார். நவம்பரில் நாடாளுமன்றம் மாறியது. அதே நவம்பரில் கௌதம் அதானி மீது அமெரிக்காவில் குற்றச்சாட்டுகள் பதிவாகின. டிசெம்பர் இறுதியில் புதிய அமைச்சரவை 8.26 சதத்துக்கான ஒப்புதலை மீளப் பெற்று, விலையை மறுபடி பேசத் தீர்மானித்தது. நிறுவனம் அதற்கு இணங்காமல் விலகியது.

இந்த வரிசையில் பூநகரி தனியாக எங்கும் தலைகாட்டவில்லை. சூழல் தாக்க மதிப்பீடு, பறவைகள் பற்றிய விவாதம், நீதிமன்ற வாதம் எல்லாமே மன்னாரின் 250 மெகாவாட்டைச் சுற்றியவை. பூநகரியின் 234 மெகாவாட் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த ஓர் எண். வந்தது போலவே போயும்விட்டது.

3. நான்கு விளக்கங்கள்

முதலாவது, விலை விளக்கம். இதற்கான ஆவணச் சான்றே மிக வலுவானது. அமைச்சரவை மீளப் பெற்றது விலை ஒப்புதலைத்தான். போட்டி விலைமனு மூலம் மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்கு உள்நாட்டு நிறுவனம் ஒன்று ஓர் அலகு 4.65 சதத்துக்குத் தர முன்வந்தபோது, 8.26 சதத்தை நியாயப்படுத்துவது எந்த அரசுக்கும் கடினமாகியது. இரண்டு திட்டங்களின் மின்கடத்தல் செலவும் அளவும் ஒன்றல்ல என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்க முடியாதுதான். ஆனாலும் அரசியலில் அதுவே எடுபட்டது.

இரண்டாவது, புவிசார் அரசியல் விளக்கம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் கலப்பு மின்திட்டம் 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தின் பின் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. வடகடலோரத்தில் எந்த மின்திட்டமும் டில்லியையும் பெய்ஜிங்கையும் விலக்கிப் பேசப்படுவதில்லை என்பதற்கு இது சான்று. இவ்விளக்கம் திட்டம் எப்படி வந்தது என்பதை நன்கு தெளிவுபடுத்துகிறது. ஆனால் இந்தியாவோடு நல்லுறவை நாடிய அரசு ஒன்றின் காலத்தில் அது ஏன் நின்றது என்பதை விளக்கப் போதவில்லை.

மூன்றாவது, சூழல் விளக்கம். மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாசல் மன்னார். அருகிலுள்ள வங்காலை சரணாலயம் ராம்சார் ஈரநிலம். இவ்வாதம் நீதிமன்றம் வரை சென்றது. ஆனால் நிறுவனம் விலகியதால் வழக்கின் சாரம் மீது தீர்ப்பு எழுதப்படாமலே அது முடிவுக்கு வந்தது.

நான்காவது, உள்ளூர் எதிர்ப்பு. விலகல் கடிதத்திலேயே இதற்கு ஒரு மறைமுகச் சான்று கிடைக்கிறது. மன்னாருக்கான சூழல் அனுமதியும் அது தொடர்பான உயர் நீதிமன்ற வழக்கும் தவிர ஏனைய அனுமதிகள் பெரும்பாலும் கிடைத்துவிட்டதாக நிறுவனம் அதில் குறிப்பிட்டிருந்தது. அதாவது, வழக்கு இல்லாதிருந்தால் 2024 நடுப்பகுதியிலேயே வேலை தொடங்கியிருக்கலாம். வேலை தொடங்கிய பின் விலையைப் பற்றி மறுபடி பேசுவது எந்த அரசுக்கும் பெரும் செலவாகியிருக்கும்.

ஆக, எதிர்ப்பு திட்டத்தை நிறுத்தவில்லை, தாமதப்படுத்தியது. அந்தத் தாமதத்துக்குள் ஆட்சி மாறியது, விலை ஒப்பீடு வந்தது, அமெரிக்கக் குற்றச்சாட்டு வந்தது. இது சிறிய பங்கு அல்ல. ஆனால் எதிர்ப்பாளர்கள் சொன்ன காரணங்கள் ரத்துக்கான காரணங்களாக எந்த அரச ஆவணத்திலும் ஏறவில்லை. பின்விளைவுகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

4. ஊரவர் சொன்னவையும் அவற்றின் வலுவும்

உள்ளூர் வாதங்களை ஒட்டுமொத்தமாக ஏற்பதும் ஒட்டுமொத்தமாகத் தள்ளுவதும் ஆய்வுக்கு உதவாது. மன்னாரில் தம்பபவனிக்குப் பின் எழுந்த முறைப்பாடுகளில் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

வெள்ளம் பற்றிய முறைப்பாடு வலுவானது. மன்னார்த் தீவு கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே உள்ள மணற்பரப்பு. மாரியில் தேங்கும் நீர் கண்ணுக்குப் புலப்படாத தாழ்வுகள் வழியாகத்தான் கடலுக்கு வடியும். காற்றாலையின் கோபுரத் துண்டுகளையும் இறக்கைகளையும் ஏற்றிவரும் நீண்ட வாகனங்களுக்கு அகலமான, கெட்டியான வீதி வேண்டும். பாரந்தூக்கி நிற்க மேடை வேண்டும். வீதியும் மேடையும் கிரவல் கொட்டி நிலமட்டத்துக்கு மேல் உயர்த்தப்படுகின்றன. ஓர் அடி உயர்ந்த வீதி ஒரு தாழ்வைக் குறுக்கே வெட்டும் இடத்தில் போதிய மதகு இல்லையென்றால் அது குளக்கட்டாகிவிடும். வீதிக்கு ஒரு பக்கம் வீட்டு முற்றத்தில் முழங்காலளவு நீர், மறுபக்கம் காய்ந்த மணல். இதைக் காண நிபுணர் வேண்டியதில்லை. மதகின் விட்டத்தை அளக்க ஒரு நாடாவே போதும்.

மீன் விலகிப்போனது பற்றிய முறைப்பாடு இன்னும் திறந்த கேள்வி. கரைவலைப் பாடுகளில் பிடி குறைந்தது என்று தொழிலாளர் சொல்கிறார்கள். இந்திய இழுவைப் படகுகள், கடல் வெப்பம், அதிக வலைகள் எனப் போட்டிக் காரணங்களும் உண்டு. பாடு வாரியாகப் பிடியின் அளவை ஆலைக்கு முன்னும் பின்னும் எழுதி வைத்தால் மட்டுமே இவற்றைப் பிரித்தறியலாம். அந்தக் கணக்கை வைக்கும் பொறுப்பு ஆலை கட்டுபவருடையது, முறையிடுபவருடையது அல்ல.

காற்றாலை மழை முகிலைக் கலைக்கிறது என்ற கூற்றுக்கு, இந்த அளவிலான ஆலைகளைப் பொறுத்தவரை அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் இந்த வலுவற்ற கூற்றையே அதிகாரிகள் எடுத்துக்காட்டி, வெள்ளம் பற்றிய வலுவான முறைப்பாட்டையும் சேர்த்து ‘அறியாமை’ என்று ஒதுக்கியபோது பேச்சு முறிந்தது.

பூநகரிக்கு இவற்றோடு சொந்தக் கவலைகளும் உண்டு. மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்போன அந்த வயல்கள் மழையை நம்பியவை. குடிநீர் அங்கே என்றும் அரிது. கௌதாரிமுனைப் பக்கத்து மணற்குன்றுகள் மழைநீரை உள்வாங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தாங்கி நிற்கின்றன. குன்றை வெட்டினாலும் அடியை இறுக்கினாலும் கிணறு முதலில் உவர்ப்பாகும். கிராஞ்சியில் கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராக மீனவக் குடும்பங்கள் நாட்கணக்கில் உட்கார்ந்ததும், பொன்னாவெளியில் சுண்ணக்கல் அகழ்வுக்கு எதிராக மக்கள் திரண்டதும் இதே பிரதேச செயலகப் பிரிவில்தான். பொன்னாவெளி மக்களின் வாதம் எளிமையானது: கல்லை எடுத்தால் கடல்நீர் உள்ளே வரும். நிலமும் நீரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடத்தில் வாழ்வோர் காற்றாலையையும் அதே கண்ணால் பார்ப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

பழைய பாடமும் ஒன்று உண்டு. சுன்னாகத்தில் தனியார் அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரை மாசுபடுத்திய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கிணறுகளில் எண்ணெய் மிதந்த பின் பல ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது. மின்நிலையம் பற்றிய வடக்கின் ஐயத்துக்கு இப்படி ஒரு பின்னணி இருக்கிறது.

5. கேட்பதற்கு ஆளில்லாத காலம்

இத்திட்டம் பற்றிய எழுத்துகளில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு திகதிப் பொருத்தம் உண்டு. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று ஒத்திவைக்கப்பட்டு 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. முதலீட்டுச் சபை அனுமதி 2023 பெப்ரவரி. நிறுவனத்தின் விலகல் 2025 பெப்ரவரி. அனுமதிக்கும் விலகலுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ முழுக் காலமும் பூநகரியிலும் மன்னாரிலும் மக்கள் தெரிவுசெய்த பிரதேச சபையோ மாகாண சபையோ இல்லாத காலம்.

அந்த இடைவெளியில் ‘மக்களிடம் கேட்டோம்’ என்றால் யாரிடம் கேட்டது? பிரதேச செயலாளர் மத்திய அரசின் அலுவலர். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவரை நியமிப்பது சனாதிபதி. எஞ்சியது சூழல் தாக்க மதிப்பீட்டின் 30 நாள் கருத்துக் காலம் மட்டும். 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தேசிய சுற்றாடல் சட்டத்துக்குள் வந்த அந்த ஏற்பாடு முக்கியமானதுதான். ஆனால் தொழில்நுட்ப அறிக்கை ஒன்றைக் கடற்றொழிலாளர் சங்கம் 30 நாளில் படித்து எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது, கருத்துச் சொல்லும் வேலையைத் தலைநகரின் சூழல் அமைப்புகளிடம் விட்டுவிடுவதற்கு ஒப்பாகும். பறவைகள் நீதிமன்றம் வரை சென்றதும் மதகுகள் செல்லாததும் இதன் விளைவே.

சூழல் அமைப்புகளைக் குறைகூறுவது இங்கு நோக்கமல்ல. அவை இல்லாவிட்டால் தாமதமே நேர்ந்திருக்காது. ஆனால் பிறர் வழியாகப் பேசப்பட்ட எதிர்ப்பு, பேசியவரின் காரணங்களோடுதான் பதிவாகும்.

6. வேறு கரைகளில்: காரணத்தோடு நின்ற திட்டங்கள்

ஒப்பீட்டுக்கு மிதக்கும் எரிவாயுத் திட்டங்கள் சில உதவுகின்றன. அவையும் இதே போல் கரையோர ஊர்களில் வந்து மோதியவை.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிறிப் பொயின்ற் என்ற இடத்தில் ஏஜிஎல் நிறுவனம் மிதக்கும் எரிவாயு இறக்குமதி முனையம் அமைக்க முயன்றது. ராம்சார் ஈரநிலமான வெஸ்டேர்ன் போர்ட் குடாவில் குளோரின் கலந்த நீர் விடப்படும் என்பது முக்கிய ஆட்சேபம். 6,000க்கும் மேற்பட்ட மனுக்கள் பெறப்பட்டன. 2021 மார்ச்சில் மாநிலத் திட்டமிடல் அமைச்சர், சூழல் பாதிப்பு ஏற்கத்தக்கதல்ல என்று எழுத்தில் காரணம் காட்டித் திட்டத்தை நிராகரித்தார்.

தென்னாபிரிக்காவில் துருக்கியின் கார்பவர்ஷிப் நிறுவனம் ரிச்சர்ட்ஸ் பே, இங்கூரா, சல்டானா பே ஆகிய மூன்று துறைமுகங்களில் மிதக்கும் எரிவாயு மின்கப்பல்களை நிறுத்தி 1,220 மெகாவாட் தர 2021 மார்ச்சில் தெரிவானது. அந்நாடும் அப்போது மின்வெட்டில் தவித்தது. ஆயினும் ஜூன் மாதம் சூழல் திணைக்களம் அனுமதியை மறுத்தது. 2022 ஓகஸ்டில் அமைச்சர் பார்பரா கிரீசி மேன்முறையீட்டையும் தள்ளினார். பொதுமக்கள் பங்கேற்பு முறையாக நடக்கவில்லை என்பதும், கப்பல்களின் ஒலி மீன்வளத்தையும் சிறுமீனவரையும் எப்படிப் பாதிக்கும் என்பது சரிவர ஆராயப்படவில்லை என்பதும் மறுப்பின் மையக் காரணங்களுள் அடங்கின. நிறுவனம் ஓயவில்லை, மீண்டும் விண்ணப்பித்து 2023இல் ரிச்சர்ட்ஸ் பேக்கு அனுமதி பெற்றது. காரணம் பதிவாவதால் திட்டம் நிரந்தரமாகச் சாகாது. ஆனால் திரும்பி வருபவர் அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

இலங்கையின் அனுபவம் மாறானது. கெரவலப்பிட்டியில் மிதக்கும் திரவ எரிவாயு முனையத்துக்கு நியூ போர்ட்ரெஸ் எனர்ஜியோடு 2021 செப்டெம்பரில் செய்த ஒப்பந்தம் நிறைவேறவில்லை. அங்கு பெரிதாகப் பேசப்பட்டது யுகதனவி மின்நிலையத்தின் 40 வீதப் பங்கு விற்பனைதான். முனையம் வரவிருந்த கடற்கரை அல்ல.

சம்பூர் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2006இல் இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாகி, பின் இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் மின்சார சபையும் இணைந்த 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2016 செப்டெம்பரில் திட்டம் கைவிடப்படுவதாகச் சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தார். காணியை இழந்தவரின் உரிமை பற்றிய தீர்ப்பு எதுவும் அதனோடு வரவில்லை. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி அதே கூட்டுமுயற்சி சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தைத் தொடக்கியது. நிலக்கரி போய்ச் சூரியன் வந்தது நல்ல மாற்றமே. ஆனால் காணி பற்றிய பழைய கேள்வி பதிலின்றி அடுத்த திட்டத்துக்குள் கடத்தப்பட்டது.

7. மன்னார் 2025: வாதத்துக்கு ஒரு சோதனை

அதானி விலகல் உள்ளூர் எதிர்ப்பின் முழு வெற்றி என்றால், அதன்பின் மன்னார் அமைதியாக இருந்திருக்க வேண்டும். நடந்தது எதிர்மாறு. ஆறு மாதத்துக்குள், 2025 ஓகஸ்ட் தொடக்கத்தில், 20 மெகாவாட், 50 மெகாவாட் என்ற இரண்டு சிறிய திட்டங்களுக்கான உபகரணங்கள் வந்தபோது மக்கள் வீதியை மறித்தனர். மன்னார் பிரஜைகள் குழுவோடு பேசிய பின் சனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்தினார். செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் பாதுகாப்போடு உபகரணங்கள் உள்ளே கொண்டுசெல்லப்பட்டன, இரவில் மோதல் நடந்தது, கதவடைப்பு வந்தது. இவ்விரு திட்டங்களுக்கும் பின் மக்களின் சம்மதமின்றி மன்னாரில் புதிய காற்றாலை இல்லை என்ற சனாதிபதியின் வாக்குறுதியும் வந்தது.

இந்நிகழ்வு விலை விளக்கத்தின் எல்லையைக் காட்டுகிறது. 50 மெகாவாட் திட்டம் மலிவானது, போட்டி விலைமனுவில் வந்தது, உள்நாட்டு நிறுவனத்துடையது. அதானி திட்டத்தை நிறுத்த அரசு முன்வைத்த காரணம் எதுவும் இதற்குப் பொருந்தாது. ஆனால் ஊரவர் முன்வைத்த காரணங்கள் அத்தனையும் பொருந்தின. உயர்த்திய வீதி நீரை மறிக்கும்போது அலகின் விலை 8.26 சதமா 4.65 சதமா என்று பார்ப்பதில்லை.

8. முடிவு

மூன்று முடிவுகளை வரையலாம். முதலாவது, உள்ளூர் எதிர்ப்பு அதானி திட்டத்தைத் தாமதப்படுத்தியது. அத்தாமதம் ரத்துக்கு வழிவிட்டது. இரண்டாவது, ரத்துக்கான காரணமாக அரசு விலையை மட்டுமே பதிந்ததால், நீர், கரை, காணி பற்றிய முறைப்பாடுகள் அடுத்த திட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலுவைப் பெறவில்லை. மூன்றாவது, தெரிவுசெய்யப்பட்ட மன்றங்கள் இல்லாத காலத்தில் திட்டம் நகர்ந்ததால் அந்த முறைப்பாடுகளைப் பதிவதற்கான மேசையே இருக்கவில்லை.

காற்றாலையே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. நாடு எரிபொருளுக்கு டொலர் தேடி வரிசையில் நின்ற 2022ஐ வன்னியும் மறக்கவில்லை. சோளகக் காற்று பூநகரியில் வலுவாக வீசுவது உண்மை. எனவே அங்கு இன்னொரு முதலீட்டாளர் வருவார். அவர் மலிவான விலையோடும் முறையான விலைமனுவோடும் வந்தால், இப்போது பதிவிலுள்ள எந்தக் காரணமும் அவரைக் கேள்வி கேட்காது.

சனாதிபதியின் சம்மத வாக்குறுதி மன்னாருக்கு உரியது. அது சட்டமும் அல்ல. பூநகரிக்கும் முல்லைத்தீவுக் கரைக்கும் அது தானாக நீளாது. 2025 மே தேர்தலின் பின் பூநகரிக்கு மீண்டும் பிரதேச சபை இருக்கிறது. திட்டம் வரும் வரை காத்திராமல், வடிகால் தாழ்வுகளின் வரைபடத்தையும் கிணறுகளின் உவர்த்தன்மையையும் கடற்றொழிற் சங்கங்கள் வாயிலாகப் பாடு வாரியான பிடியளவையும் அச்சபை இப்போதே எழுதத் தொடங்கலாம். அதைத் தீர்மானமாக நிறைவேற்றி முதலீட்டுச் சபைக்கும் நிலைபெறுதகு வலு அதிகாரசபைக்கும் அனுப்பி வைக்கலாம். சட்டப்படி அவர்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அடுத்த முறை ஒரு திட்டம் வந்தாலும் சரி, நின்றாலும் சரி, பூநகரி என்ன சொன்னது என்ற கேள்விக்கு வேறொருவர் பதில் சொல்ல வேண்டியிராது.